பன்னிரண்டு மணிக்கு வெடிக்கும் கைத்தோட்டா!

காலை 10.20.

டெலிபோன் அலறியது.

மொன்டானா மாநிலம், கோல்ட்வாட்டர் ஃபோர்க். ஆட்களைவிட துப்பாக்கிகள் நாலு மடங்கு இருக்கிற சின்ன ஊர். ஷெரிஃப் லோர்னா ஹாஸ்கெட் ரிசீவரை எடுத்தாள். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருட சர்வீஸில் அவள் துப்பாக்கியை உறையிலிருந்து உருவியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் எண்ணெய் போட!

"ஷெரிஃப்... நான் டார்லீன். மெர்வின் டக்கெட்டோட வீட்டுக்காரி."

குரல் நடுங்கியது.

"சொல்லுங்க டார்லீன்."

"எங்க கராஜுல அவரோட தோட்டா பெஞ்ச் இருக்கில்ல... அதுல வெடிமருந்து கொட்டற குழாய்க்குள்ள கறுப்பா ஏதோ இருக்கு. நேத்து மத்தியானம் நான் துடைக்கும்போது காலியா இருந்துச்சு. கண்ணால பாத்தேன்."

"மெர்வின் எங்க?"

"துப்பாக்கி கிளப் போட்டிக்குப் போயிட்டார். போன வருஷம் ஜெயிச்சவர்தானே முதல்ல சுடணும்? பன்னிரண்டு மணிக்கு முதல் தோட்டா அவருடையது."

லோர்னா கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒரு மணி நாற்பது நிமிடம்!

"ட்ராய், ஜீப்பை எடு."

உதவியாளன் ட்ராய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலும் அப்படி ஒரு பெஞ்ச் உண்டு. மெர்வின் சொல்லிக்கொடுத்துப் போட்டது.

ட்ராய் மட்டுமா? ஊரில் பாதிப் புருஷன்மார்கள் மெர்வினின் சீடர்கள். சனிக்கிழமை காலையில் ஹார்டுவேர் கடைப் பின்கட்டில் அவனுடைய வகுப்பு. வீட்டிலேயே தோட்டா செய்ய பெஞ்ச் போடுவது எப்படி. எவ்வளவு உயரம், எத்தனை போல்ட், விளக்கு எந்தப் பக்கம். பிறகு சுட்ட தோட்டாவின் பித்தளைக் குப்பியை எடுத்து, அடியில் தீப்பொறி போடும் பழைய கேப்பைத் தட்டிவிட்டு, புதுக் கேப்பு, புது மருந்து, புதுக் குண்டு. கடைத் தோட்டா என்று யாராவது வாயைத் திறந்தால் மெர்வின் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மே மாதம். பனி இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை.

டக்கெட் வீட்டு வாசலில் டார்லீனின் குட்டிக் கார் வெட்டவெளியில் நின்றது. கண்ணாடி முழுக்க ஐஸ். கையில் பனி சுரண்டியோடு டார்லீன் ஓடி வந்தாள். சமையலறை ஜன்னல் வழியாக எலுமிச்சை கேக் வாசனை.

கராஜுக்குள் நுழையும்போதே ட்ராய் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

ஒரு கார் தாராளமாக நிற்கக்கூடிய இடம். அதை அடைத்துக்கொண்டு பெஞ்ச். தடித்த பலகை, சுவரோடு சேர்த்து பன்னிரண்டு போல்ட். நடுவில் பச்சை பெயிண்ட் அடித்த பிரஸ், கைப்பிடியை இழுத்துத் தோட்டாவை அழுத்திச் செய்யும் மெஷின். மேலே சட்டம் போட்ட உத்தரவு: 'பெஞ்சில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா!'

"பாத்தீங்களா ஷெரிஃப்? இதுல யானை ஏறி நின்னாலும் ஆடாது."

"யானை வரப்போறதில்ல. குழாயைப் பாரு."

ட்ராய் குழாயிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டினான். கருநீலமாகப் பொடிப்பொடி உருண்டைகள். அவன் முகம் வெளுத்தது.

"இது... ரைஃபிள் மருந்து இல்ல. டப்பாவுல இருக்கறது குச்சி குச்சியா இருக்கும். இது கைத்துப்பாக்கிக்குப் போடறது. பாத்த உடனே சொல்லிடுவேன். வேகமா எரியற சரக்கு."

"ரைஃபிள் தோட்டாவுல போனா?"

"குழல் கிழிஞ்சு பின்பக்கமா வரும். பின்பக்கம்தான் மெர்வினோட மூஞ்சி இருக்கும்."

டார்லீன் ஏப்ரனை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மருந்து மாறினது மெர்வினுக்குத் தெரியாதா?"

"கண்ணாடி போட மாட்டார். கௌரவம். அதுவும் போட்டித் தோட்டாவை அன்னிக்கு விடிகாலையிலதான் செய்யணும்னு எங்களுக்குப் பாடமே எடுத்திருக்கார். வேலை முடிஞ்சா மீதியை டப்பாவுல கொட்டிடணும், குழாய்ல விட்டுட்டுப் போகவே கூடாது. அவரே விட்டுட்டுப் போயிருக்கார்னா, பாவம், என்ன அவசரமோ."

லோர்னா பிரஸ்ஸின் அடியில் எட்டிப் பார்த்தாள்.

"பழைய கேப்பெல்லாம் எங்க விழும்?"

"இதோ, இந்தத் தட்டுல."

தட்டு பளபளத்தது. ஒரு கேப்பு இல்லை. ஒரு கரி இல்லை.

"என்ன சுத்தம் பாருங்க. மனுஷன் தெய்வம் ஷெரிஃப்."

லோர்னா டார்லீன் பக்கம் திரும்பினாள்.

"டார்லீன், நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் கராஜுக்கு வெளியாள் யார் வந்தாங்க?"

"ஆர்லோ வந்தார். ரெஞ்ச் இரவல் வாங்க."

ஆர்லோ! மூன்று வருடமாக இரண்டாவது பரிசையே வாங்கிக்கொண்டிருக்கிற ஆர்லோ!

மைதானம் மலைக்கு அந்தப் பக்கம். செல்போன் சிக்னல் கிடையாது. லேண்ட்லைனை அரசாங்கம் ஒட்டுக்கேட்கிறது என்று சொல்லி போன வருடம்தான் கிளப்காரர்களே பிடுங்கி எறிந்திருந்தார்கள்.

ஜீப் பனிச் சகதியில் வழுக்கிக்கொண்டு பறந்தது.

11.30... 11.45... 11.56!

லோர்னா சைரனை முழுசாகத் திறந்தாள். மைதானத்தில் நாற்பது பேர். ஒருவன்கூடத் திரும்பவில்லை.

எப்படித் திரும்புவார்கள்? எல்லார் காதிலும் சத்தம் நுழையாத அடைப்பான்!

மெர்வின் பாயில் குப்புறப் படுத்து ரைஃபிளைத் தோளில் பொருத்தியிருந்தான். முதல் தோட்டா உள்ளே போய்விட்டது. விரல் வளைய ஆரம்பித்தது...

லோர்னா ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது முழங்கால் கெஞ்சியது. அவள் கேட்கவில்லை. கம்பத்திலிருந்த சிவப்புக் கொடியைப் பிடுங்கி மெர்வினின் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

விரல் நின்றது.

11.59.

"எந்திரி மெர்வின். உன் மருந்தை யாரோ மாத்தியிருக்காங்க. சுட்டா உன் தலை இருக்காது."

அடைப்பான்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நாற்பது தலைகளும் ஆர்லோவின் பக்கம் திரும்பின.

"என்னை ஏன்யா பாக்கறீங்க?" ஆர்லோ பின்னால் நகர்ந்தான். கரடி உடம்பு, குழந்தை முகம். "நான் ரெஞ்ச்தான் எடுத்தேன்."

மெர்வின் எழுந்தான். பேன்ட்டைத் தட்டிக்கொண்டான்.

சிரித்தான்!

"இவ்வளவுதானா? கவலைப்படாதீங்க ஷெரிஃப். நான் சுடறேன். ஒண்ணும் ஆகாது."

"எப்படித் தெரியும்?"

"அது... அனுபவம்."

லோர்னாவுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. உனக்குச் சாவு வரப்போகிறது என்று சொன்னால் அழுதவனைப் பார்த்திருக்கிறாள். ஓடியவனைப் பார்த்திருக்கிறாள். பல்லைக் காட்டியவனை இன்றுதான் பார்க்கிறாள்.

"சரி. ஆர்லோகிட்ட பத்துத் தோட்டா வாங்கிச் சுடு."

நாற்பது பேரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"என்ன பேசறீங்க ஷெரிஃப்?" ஆர்லோதான் கேட்டான். "அடுத்தவன் வீட்ல செஞ்ச தோட்டாவை எவனாவது சுடுவானா? பல்செட்டை இரவல் கேக்கற மாதிரி இருக்கு."

"அப்ப இதுல ஒண்ணைப் பிரிச்சுப் பாத்துடலாம். ட்ராய், தோட்டா பிரிக்கற சுத்தியல் கொண்டு வா."

மெர்வினின் சிரிப்பு செத்தது.

தோட்டாப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவன் தலைக்கு மேலே கிளப்பின் போர்டு தொங்கியது: 'கைத்தோட்டா மட்டுமே. கடைத் தோட்டா கொண்டுவருபவர் ஆயுளுக்கும் நீக்கப்படுவார்!'

"வேண்டாம் ஷெரிஃப்."

"ஏன்?"

"நான்தான் போட்டேன். அந்த மருந்தை."

"நீயா? எதுக்கு?"

"தற்கொலை பண்ணிக்க."

"போட்டி நடுவுலயா?"

"பேரோட புகழோட போயிடலாம்னு." இரண்டு கையையும் நீட்டினான், பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி. "விலங்கு மாட்டுங்க. ஜெயில்ல போடுங்க. பெட்டியை மட்டும் தொடாதீங்க."

ட்ராய்க்குக் கண் கலங்கியது. "சார்... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"அழுகையை அப்புறம் வெச்சுக்க. பெட்டியை வாங்கு."

இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ட்ராய் பெட்டியைப் பிடுங்கினான். மூடியில் மெர்வினின் கையெழுத்தில் தேதி, மருந்து, அளவு எல்லாம் துல்லியமாக இருந்தன. ஒரு தோட்டாவை எடுத்துப் புரட்டினான். இன்னொன்று. இன்னொன்று.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

"ஷெரிஃப்... இதைப் பிரிக்கவே வேண்டாம்."

"ஏன்?"

"கேப்பைச் சுத்தி சிவப்பா அரக்கு வெச்சிருக்கு. எங்க யார் வீட்லயும் அந்த வேலை கிடையாது. பித்தளையில ஒரு கீறல் இல்ல. இது எந்தப் பிரஸ்ஸுக்குள்ளயும் போனதே இல்ல."

"புரியற மாதிரி சொல்லு."

"கடைத் தோட்டா."

பின்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"மூணு வருஷமா இதான்," மெர்வின் தரையைப் பார்த்துச் சொன்னான். "நான் செஞ்சது ஒண்ணுகூட நேரா போகல ஆர்லோ. பெஞ்ச் போடத்தான் எனக்கு வந்துச்சு. தோட்டா வரல. நாலு ஊர் தள்ளிப் போய் என்னைத் தெரியாத கடையில வாங்கி, பெட்டி மாத்தி வெச்சுக்குவேன்."

ஆர்லோவின் உதடு துடித்தது.

"நீ ரெண்டு அங்குலம் கம்மின்னு சொன்னேன்னு என் பெஞ்சை மூணு தடவை பேத்தேன்டா. அதுக்கு இடம் பத்தலேன்னு வாஷிங் மெஷினை வெளியே தூக்கி வெச்சேன். என் பொண்டாட்டி இன்னும் எங்கூடப் பேசறதில்ல."

திரும்பிக்கொண்டான்.

மெர்வின் ஆயுளுக்கும் நீக்கப்பட்டான். ஐந்தே நிமிடம். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

டார்லீன் பின்னாலேயே தன் காரில் வந்து சேர்ந்திருந்தாள். கிளப்பின் சாப்பாட்டு மேஜையில் அமைதியாகக் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். லோர்னா பக்கத்தில் போய் நின்றாள்.

"டார்லீன், போன்ல உங்க குரல் நடுங்குச்சு."

"கார் கண்ணாடியில ஐஸ் சுரண்டிக்கிட்டே பேசினேன். நாலு குளிர்காலமா தினம் சுரண்டறேன். அந்த பெஞ்ச் வந்த அன்னிக்கு என் கார் வெளியே போச்சு."

"கேப்பு விழற தட்டு காலியா இருக்கறதைப் பாத்திருக்கீங்க."

"தினம் துடைக்கறவளுக்குத் தெரியாதா? அவர் அந்தக் கைப்பிடியை இழுத்தே மூணு வருஷம் ஆச்சு."

"யாரோ கொலை பண்ணப் பாக்கறாங்கன்னு எங்களை ஓட விட்டீங்களே."

"கொலைன்னு நான் சொன்னேனா? கறுப்பா ஏதோ இருக்குன்னேன். மத்ததெல்லாம் உங்க ட்ராய் சொன்னது."

"வெளியாள் ஆர்லோன்னு..."

"வெளியாளைத்தான் கேட்டீங்க. வீட்டாளைக் கேக்கலியே."

லோர்னா எந்தச் செக்ஷனில் கேஸ் போடுவது என்று யோசித்தாள். ஒரு செக்ஷனும் சிக்கவில்லை.

"பெஞ்ச் என்ன ஆகும்?"

"ஆர்லோவோட லாரியில ஏத்தியாச்சுன்னு வெச்சுக்கங்க. சாயங்காலம் என் கார் உள்ளே நிக்கும். சாப்பிடுங்க ஷெரிஃப், ஓடிக் களைச்சிருக்கீங்க."

லோர்னா எலுமிச்சை கேக்கைக் கடித்தாள். நல்ல ருசி. பல்லில் ஏதோ பொடிப்பொடியாக மாட்டியது. கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள்.

கருநீலமாகப் பொடிப்பொடி உருண்டைகள்!

"டார்லீன்... இது?"

"கசகசா. இந்த ஊர்ல கறுப்பாத்தான் கிடைக்கும். ஒரு பாக்கெட் வாங்கினேன். பாதி கேக்குல."

"மீதி?"

டார்லீன் கத்தியைத் துடைத்து வைத்தாள்.

லோர்னா இன்னொரு பெரிய துண்டைத் தட்டில் வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த உதவியாளனிடம் நீட்டினாள்.

"சாப்பிடு ட்ராய். ஆனா மெதுவா மெல்லு. வேகமா எரியற சரக்கு."