வயலின் மேல் ஏறிய ரயில் கூவல்

நோன்பு மாதத்தில், மாலை நெருங்கும் வேளையில், கெய்ரோவில் யாரும் அடுத்தவர் வீட்டுப் படி ஏற மாட்டார்கள். தொண்டை வறண்டு, கோபம் மூக்கு நுனியில் நிற்கும் நேரம் அது. இசையமைப்பாளர் நிஹாலுக்கு வேறு வழியில்லை. துப்பறிவாளர் வக்தியின் கதவைத் தட்டிவிட்டாள்.

"உஸ்தாத், எங்க தொடரோட கடைசி பாகம் ஒளிபரப்புக்கு முன்னாடியே இணையத்துல வந்துடுச்சு. அதுல என்னோட மறைமுத்திரை இருக்காம். தயாரிப்பாளர் ஹாஜ் ஷவ்கத் எல்லார் முன்னாடியும் என்னைத் திருடின்னுட்டார். நாளைக்கு சங்கத்துல புகாராம். அப்புறம் எவன் என்னை நம்பிப் படம் அனுப்புவான்?"

அந்தத் தொழிலில் படம் பூட்டித்தான் போகும். ஆளுக்கொரு சாவி. படத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஆளுக்கொரு முத்திரையும் உண்டு.

"முத்திரையே இவங்க பேரைச் சொல்லுதே, அப்புறம் என்ன?" என்றான் உதவியாளன் ஹம்தி. முடிவு சொல்வதில் அவனுக்கு எப்போதும் அவசரம்.

"நீ சும்மா இருப்பா. மேடம், வெளியே வந்ததைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். டிவியில ஓடுறதை யாரோ கைபேசியில எடுத்திருக்காங்க. வயித்தெரிச்சல் போதாதுன்னு, ஒலி சேர்க்கிற எமாத் ஒரு ரயில் கூவலை என் வயலின் மேலேயே ஏத்தி வெச்சிருக்கான்."

வக்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க பிரதியில அந்தக் கூவல் இல்லையா?"

"எப்படி இருக்கும்? நான் படத்தோட இசையைச் சேர்த்து அனுப்பின பிறகுதான் அவன் மத்த ஓசையெல்லாம் சேர்ப்பான். அதுக்கப்புறம் என் கைக்கு எதுவும் வராது."

மறுநாள் காலை ஹாஜின் அறையில், வக்தி, நிஹால், ஹம்தி மூவர் முன்னாலும் எமாத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"முறைப்படி என் பிரதியிலதான் ஓசையைச் சேர்க்கணும், உஸ்தாத். நோன்பு மாசம், தினம் ஒரு பாகம் போகணும். அவசரத்துல அவங்க அனுப்பின படத்துலேயே சேர்த்துட்டேன்."

"அதான் அவங்க முத்திரை கூடவே வந்திருக்கு," என்றார் வக்தி. "கூவல் சேர்ந்த படம் யாருக்குப் போச்சு?"

"ஒப்புதலுக்கு ஹாஜுக்கு மட்டும்தான். முதலாளிங்கிறதால அவர் பிரதிக்கு மட்டும் முத்திரை போடுறதில்லை."

"என் படத்தை நானே திருடுவேனா?" என்று ஹாஜ் சீறினார்.

"திருடலை, ஹாஜ். வீட்டு டிவியில போட்டுக் காட்டியிருக்கீங்க. யாருக்கு?"

ஹாஜின் சுருதி இறங்கிவிட்டது. "சம்பந்தி வீட்டார் நோன்பு திறக்க வந்திருந்தாங்க. கொஞ்சம் பெருமையா இருக்கட்டுமேன்னு... மாப்பிள்ளையோட தம்பி கைபேசியைத் தூக்கிப் பிடிச்சிட்டிருந்தான். என்னைத்தான் எடுக்கிறான்னு நினைச்சேன்."

ஹம்தி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நிஹால் ஓர் அடி முன்னே வந்தாள். "எல்லார் முன்னாடியும் சொன்னீங்க, ஹாஜ். எல்லார் முன்னாடியும் திருத்துங்க."

ஹாஜ் மனிதர்தான். கதவைத் திறந்து அலுவலகம் முழுவதையும் கூப்பிட்டார். "நிஹால் திருடலை. படம் என் வீட்டிலிருந்துதான் போச்சு. நான் சொன்னது தப்பு."

நிஹால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதாள்.

"அடுத்த தொடருக்கும் நீதாம்மா இசை," என்றார் ஹாஜ்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "செய்றேன், ஹாஜ். ஆனா முதல் முத்திரை உங்க பிரதிக்கு."