மூன்றாவது வாளி

கிணற்றடி நனைந்திருந்தது.

காலையில் உம்மா துணி அலசியதற்குப் பிறகு யாரும் தண்ணீர் அள்ளவில்லை. கடலோர வெயில் சீமெந்துத் தரையை மதியத்துக்குள் காயவைத்துவிடும். இப்போது அஸர் தொழும் பின்னேரம். துவைகல்லின் அருகே புது ஈரம். அதில் வாளியின் அடித்தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. ஸுஹைறா குசினி ஜன்னலில் நின்று அதையே பார்த்தாள்.

"உம்மா, திரும்பவும் குளிச்சீங்களா?"

"எனக்கென்ன பெருநாளா, ரெண்டுதரம் குளிக்க?" உம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தா. "சாச்சிக்குக் காய்ச்சலாம். பாத்துட்டு வாறன். நீ வாசலுக்கு வராத, இத்தாவில இருக்கிற பொம்புள."

"கொஞ்சம் இருங்களன் உம்மா."

"ஒன்னய என்ன, பேயா தூக்கிப் போகப்போகுது?"

உம்மா கேற்றைச் சாத்தினா. ஓட்டோ போன சத்தமும் அடங்கியது.

றாஸிக் இறந்து நாற்பத்து மூன்று நாள். கணவனை இழந்தவள் வீட்டோடு அடங்கியிருக்கும் இத்தா முடிய இன்னும் மூன்று மாதம் கிடந்தது. சாரதி வேலை என்று போன கணவனுக்கு ஒரு குளிர் நாட்டில் சீருடை போட்டுத் துப்பாக்கி பழக்கினார்கள். போர்முனையை அவன் காணவேயில்லை. பயிற்சி முகாமிலேயே நெஞ்சுச்சளி கட்டி, மூன்று வாரம் இருமிச் செத்தான். ஈயத்தால் ஒட்டி மூடிய பெட்டியில் வந்தான். மையித்தைக் குளிப்பாட்டப் பள்ளிவாசல்காரர்கள் கையுறை, கற்பூரம், இலந்தை இலை எல்லாவற்றோடும் ஆயத்தமாக நின்றார்கள். கூட வந்த கடிதத்தைப் போனில் மொழிபெயர்த்து வாசித்தவள் ஸுஹைறா ஒருத்திதான். தொற்றில்லை, திறக்கலாம் என்று அதில் இருந்தது.

"தொற்றாம், திறக்கப்படாதாம்" என்றாள்.

அந்த முகத்தைப் பார்க்கப் பயம். அவ்வளவுதான். பெட்டியின் மேல் மண்ணைத் தடவித் தயம்மும் செய்து, குளிப்பும் வெள்ளைக் கபன் துணியும் இல்லாமல், சீருடையோடு அடக்கினார்கள். கடிதத்தை அன்றிரவே அடுப்பில் போட்டாள்.

கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது.

அவள் ஜன்னலை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டி நின்றாள். கயிறு இறங்கும் சத்தம், வாளி தண்ணீரில் விழுந்து சரிந்து நிரம்பும் சத்தம், பிறகு மெல்ல மெல்ல, பலமில்லாத ஒருவர் இழுப்பதுபோல் இடையிடையே நின்று நின்று அது மேலே வரும் சத்தம். தண்ணீர் உடம்பில் விழுந்தது. வெறுந்தரையில் விழும் தண்ணீர் இப்படிக் கேட்காது. அன்று பாவிக்காமல் அலுமாரிக்கு மேல் கட்டிவைத்த கற்பூரத்தின் மணம் முற்றத்திலிருந்து வந்தது. மறுபடி கப்பி. இரண்டாவது வாளி.

பிறகு ஒன்றுமில்லை.

மூன்றாவது வாளி வரவேண்டும். மையித்துக் குளிப்பு ஒற்றைப்படையில்தான் முடியும். அவள் காத்திருந்தாள். கடல் இரைந்தது. தெருவில் மீன்காரனின் ஹோர்ன் கேட்டு ஓய்ந்தது.

இருமல்.

ஈரமான இருமல். கடைசியாகப் போனில் பேசியபோது கேட்ட அதே இருமல்.

"ஸுஹைறா."

மூச்சு வாங்கியது.

"முதுகு எட்டுதில்ல, புள்ள."

அவள் போகவில்லை என்றுதான் நினைத்தாள். கால் போனது. கதவு. படி. சுடுதரை. பிறகு குளிர்ந்த தரை.

துவைகல்லில் குந்தியிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. பச்சைச் சீருடை தோலோடு ஒட்டியிருந்தது. தலையைத் திருப்பவில்லை. பின்னால் கையை நீட்டினான். வாளி. நிரம்பியிருந்தது. விளிம்பில் பனி கட்டியிருந்தது.

"பொய்தானே சொன்ன?"

"ஓம்" என்றாள்.

வாங்கினாள். ஊற்றினாள். மூன்று.

அவன் பெருமூச்சு விட்டான். கல்லில் சரிந்து மல்லாந்து படுத்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முகம் பார்க்கவில்லை. இப்போதும்.

குளிப்பு முடிந்தது. அடுத்தது கபன்.

வீட்டில் வெள்ளைத் துணி ஒன்றே ஒன்றுதான். இத்தாவுக்கு அவள் உடுத்திருந்த புடவை.

ஈரக்கை ஒன்று அதன் தலைப்பைப் பிடித்தது. மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. அவன்மேல் ஒரு சுற்று. அவள்மேல் ஒரு சுற்று.