நிலாவின் முதுகு

கீரப்பாளையத்துப் பள்ளியின் பழைய ஆய்வுக்கூடத்தை இயற்பியல் ஆசிரியர் கே.வி. ராயன் திறந்தபோது, வழக்கமான வௌவால் நாற்றம்தான் வரவேற்றது. காத்தவராயன் என்று பெற்றவர்கள் வைத்த பெயரை அறிவியலின் நலன் கருதிச் சுருக்கிக்கொண்டவர் அவர். அது 2008 ஐப்பசி. நிலாவுக்கு நம் விண்கலம் கிளம்பிய மாதம். நாளைக் காலை கண்காட்சி. தாளாளர் மெச்சினால், காலியாகக் கிடக்கும் தலைமை ஆசிரியர் நாற்காலி இவருக்கு.

காகிதக் கூழில் செய்த ஆளுயர நிலா உத்தரத்தில் தொங்கியது. பூமிக்கு என்றுமே காட்டாத அதன் மறுபக்கத்தில், விளிம்பு தேய்ந்த ஒரு பெரும்பள்ளம். ஈரக்கூழில் அதைப் பதிக்க, வெள்ளாற்றுச் சுடுகாட்டோரம் கிடந்த உடைந்த குடத்தின் அடிப்பாகத்தை எடுத்து வந்திருந்தார்.

“அது கொள்ளிக்குடம் சார்,” என்றார் கணக்கு டீச்சர் லோகநாயகி. “தோள்ல வச்சி சுத்திவந்து, மூணு ஓட்ட போட்டு, ஒடச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வருவாங்க. அதையா எடுத்தாந்தீங்க?”

“நிலாவுல ஏது டீச்சர் சுடுகாடு?”

“எச்.எம். நாற்காலியும்தான் அங்க இல்ல,” என்று குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மழை வலுத்தது. கரண்ட் போனது. பள்ளம் சுவரைப் பார்க்கும்படி நிலாவைத் திருப்பிவிட்டு, ராயன் ஜன்னலைச் சாத்தினார்.

திரும்பினால், பள்ளம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காற்று என்று சொல்லிக்கொண்டார். மறுபடி திருப்பி, கயிற்றால் மேஜைக் காலோடு இழுத்துக் கட்டினார். கீழே விழுந்த தூரிகையை எடுக்கக் குனிந்தார்.

சொட்டு.

கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. பள்ளம் மட்டும் இவர் பக்கம் வந்திருந்தது. அதற்குள் மூன்று ஓட்டைகள். நீர் கசிந்தது. எரிந்த வரட்டியின் வாடை.

பள்ளத்தையே சுரண்டி எடுத்துவிடலாம். எடுத்தால் நாற்காலி போய்விடும். கூழை அப்பி ஓட்டைகளை அடைத்துவிட்டு, வாசலை நோக்கி நடந்தார்.

முதுகுக்குப் பின்னால் ஒரு குடம் உடைந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாதாம். மூட நம்பிக்கை ஒழிப்பு மேடைகளில் பொன்னாடை வாங்கியவர் வேறென்ன செய்வார்?

திரும்பினார்.

ஒன்றுமில்லை. தரை சுத்தமாக இருந்தது. நிலா அசையாமல் தொங்கியது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ராயனின் உரை முழங்கியது. “இதோ, பூமி என்றும் காணாத மறுபக்கம்! அதன் பெரும்பள்ளம்!” என்று நிலாவைச் சுழற்றினார்.

வழவழவென்று இருந்தது.

“பள்ளம் எங்க சார்?” என்றார் தாளாளர்.

சுற்றினார். இன்னொருமுறை சுற்றினார். எந்தப் பக்கமும் பள்ளம் இல்லை. தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். நாற்காலியும் கூடவே நகர்ந்தது.

ராயனின் இடது தோளிலிருந்து சில்லென்று நீர் இறங்கியது.

“சார்…” பின்னாலிருந்து லோகநாயகியின் குரல். “திரும்பாதீங்க. ஒங்க முதுகு…”

ராயன் மெல்லக் கையைப் பின்னால் கொண்டுபோனார். சட்டைக்கடியில், தேய்ந்த விளிம்பு ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

அதைத் தாண்டி, கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது.