ஹாங்கௌ படத்தில் இல்லாத ஆள்

1938 அக்டோபர் 27, வியாழக்கிழமை. காலை எட்டேகால் மணி.

குற்றாலத்தில் பால்வண்ணநாதனின் பங்களா ஹாலில் உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்த முகம்மது மீரான், முப்பத்தோராம் பக்கத்தில் நிறுத்தினார். பக்கம் காலியாக இருந்தது. படத்தைப் பிடித்திருந்த நான்கு மூலைக் காகிதங்கள் மட்டும் கிழியாமல் ஒட்டியிருந்தன. அடியில் வெள்ளை மசியில் எழுதியிருந்தது: ‘ஹாங்கௌ, 9 அக்டோபர் 1937.’

“இங்கன ஒரு படம் இல்லையே?” என்றார் மீரான்.

அவர் தென்காசி ஜவுளி வியாபாரி. முந்தின நாள் மாலை நடந்த படக்காட்சிக்கு வர முடியாமல், காலையில் வண்டி கட்டிக்கொண்டு வந்தவர். பக்கத்தில் இருந்த காந்திமதிநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். மாஜிஸ்திரேட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். ஐப்பசி விசுவுக்கு வந்து அங்கேயே தங்கியிருந்தார்.

“நேத்து இருந்துதே. இது திருட்டுல்லா?”

“ஒரு படம்தானே, விடும்வே” என்றார் பால்வண்ணநாதன்.

காந்திமதிநாதன் விடவில்லை. தென்காசி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் போனது.

காலை ஒன்பதரை மணி. சப் இன்ஸ்பெக்டர் சங்கரபாண்டி சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். முந்தின மாலை விருந்தாளியாக அதே ஹாலில் உட்கார்ந்து அந்த ஆல்பத்தை முழுசும் பார்த்தவர் அவர். தொலைந்துபோன படத்தைக்கூடக் கையில் வைத்துப் பார்த்திருந்தார். நினைவுபடுத்திக்கொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

பால்வண்ணநாதன் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. தேசம் சுற்றுவதில் தீராத ஆசை. போன வருஷம் சித்திரையில் சீனாவுக்குக் கப்பல் ஏறினார். வெளிச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் வாசுதேவநல்லூர் செல்லச்சாமியைச் சமையலுக்குக் கூட்டிப்போனார். தை மாதம் திரும்பியபோது தனியாக வந்தார். ஆகஸ்ட் 14-ஆம் தேதி ஷாங்காய் கடைத்தெருவில் குண்டு விழுந்து செல்லச்சாமி இறந்துபோனார் என்று முன்னாலேயே ஹாங்காங்கிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். செல்லச்சாமியின் மனைவி வள்ளித்தாயைத் தன் வீட்டிலேயே சமையலுக்கு வைத்துக்கொண்டார். அதற்காக ஊரில் அவரை மெச்சாதவர் இல்லை.

நேற்று மாலை அவர் உற்சாகமாக இருந்தார். படங்களைக் கைக்குக் கை கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார்.

“கான்டன்ல ஆத்து மேலயே ஒரு ஊரு கெடக்குவே. படகுலயே சமையல், படகுலயே கல்யாணம். பிள்ளை இடுப்புல கயித்தைக் கெட்டி, மறு நுனியைப் படகுல கெட்டிருப்பா. தண்ணிக்குள்ள விழுந்தா இழுத்துப் போட்டுட்டு அவ பாட்டுக்குத் துடுப்புப் போடுதா!”

“ஷாங்காய்ல அந்தி சாஞ்சா விளக்கு எரியுது பாரும், கண்ணு கூசும். அதே தெருவுல மனுசனை மனுசன் வண்டியில வச்சு இழுத்துக்கிட்டு ஓடுதான். நான்கிங் கோட்டைச் சுவரு மேல ரெண்டு காரு சோடியாப் போகலாம்.”

இரண்டு படங்களில் செல்லச்சாமி இருந்தார். கான்டனில் படகுக்காரியிடம் மீன் பேரம் பேசிக்கொண்டு. ஷாங்காயில் ஒரு குடையோடு. இரண்டிலும் சிரிப்பு. இரண்டிலும் முண்டாசின் நுனி சேவல் கொண்டை மாதிரி நிமிர்ந்து நின்றது.

ஹாங்கௌ படத்தில் பால்வண்ணநாதன் மட்டும். கோட்டு, தொப்பி, பின்னால் மணிக்கூண்டு, முன்னால் தரையில் நீளமாக விழுந்த ஒரு நிழல். சங்கரபாண்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் காப்பித் தட்டோடு வந்த வள்ளித்தாய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

“மொதலாளி, இந்தப் படத்தை எடுத்தது ஆரு?”

“வழியில போன ஒரு சீனாக்காரன். நீ காப்பியக் குடு.”

அவ்வளவுதான் நடந்தது.

சங்கரபாண்டி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். ஆல்பம் இருந்த அலமாரிக்குப் பூட்டு இல்லை. பக்கத்துத் தட்டில் வெள்ளிச் சொம்பும் தட்டும் தொடாமல் இருந்தன. ராத்திரி வாசல் கதவும் பின்கதவும் உள்ளே தாழிட்டுக் கிடந்தன என்றார்கள். வீட்டுக்குள் படுத்தவர்கள் மூன்று பேர்: பால்வண்ணநாதன், காந்திமதிநாதன், வள்ளித்தாய்.

“உங்களுக்கு யார் மேல சந்தேகம்?”

பால்வண்ணநாதன் கொஞ்சம் தயங்கினார். “சொல்ல மனசு வரல. வள்ளித்தாயியா இருக்கும். நேத்து அந்தப் படத்தைப் பாத்து ஒரு மாதிரி நின்னா. புருசன் போன தேசத்துப் படம்லா. பாவம், அதான் வேண்டாம்னேன்.”

“அவளைக் கூப்பிடுங்க.”

வள்ளித்தாய் வந்து கதவோரம் நின்றாள். முப்பது வயசிருக்கும். வெறும் நெற்றி.

“படத்தை எடுத்தியா?”

“இல்லய்யா.”

“நேத்து ஏன் அப்படிக் கேட்டே?”

“தெரியலய்யா. அதைப் பாத்ததும் நெஞ்சு அடிச்சுது. ஏன்னு எனக்கே சொல்லத் தெரியல.”

“பெட்டியைப் பாத்திருவோம்” என்று பால்வண்ணநாதனே போய் அவளுடைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து ஹால் நடுவில் கவிழ்த்தார். இரண்டு சேலை, ஒரு சீப்பு, விபூதிப் பொட்டலம். படம் இல்லை. அத்தனை ஆண்கள் முன்னால் அவள் குனிந்து சேலைகளைப் பொறுக்கி மடித்தாள்.

“அடுப்புல போட்டிருப்பா” என்றார் பால்வண்ணநாதன்.

சங்கரபாண்டி ஆல்பத்தை மடியில் வைத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கான்டன் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ஷாங்காய் படத்தில் இன்னும் அதிக நேரம் நின்றார். அவர் முகம் மாறியதைக் காந்திமதிநாதன் பார்த்தார்.

“இந்தப் படங்களோட நெகட்டிவ் எங்க இருக்கு?”

“மெட்ராஸ்ல, ஸ்டூடியோக்காரன்கிட்ட” என்றார் பால்வண்ணநாதன்.

காந்திமதிநாதன் நிமிர்ந்தார். “என்னவே சொல்லுதீரு? எனக்கு நான்கிங் படத்துல ஒரு பிரதி போட்டுத் தாரேன்னு நேத்து ஒரு சிகரெட் டப்பாவைத் திறந்து காட்டுனீரே?”

டப்பா பால்வண்ணநாதனின் மேஜைக்குள் இருந்தது. காகித உறைகள், ஒவ்வொன்றிலும் ஆல்பத்தின் பக்க நம்பர். முப்பத்தொன்றும் இருந்தது. சங்கரபாண்டி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெகட்டிவில் கறுப்பெல்லாம் வெளுப்பு. பால்வண்ணநாதன் கரிய முகமும் வெள்ளைக் கோட்டுமாக நின்றார். அவர் காலடியில், படம் எடுத்தவனின் நிழல் வெள்ளை வெளேர் என்று நீண்டு கிடந்தது. அதன் தலையில் ஒரு துணிக் கொம்பு.

“மணி பத்தே முக்கால்” என்றார் சங்கரபாண்டி. “எல்லாரும் உக்காருங்க. வள்ளித்தாயி, நீயும் உக்காரு.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“புருசன் நினைப்புல ஒரு பொம்பளை படம் எடுக்கான்னா, புருசன் இருக்கிற படத்தைத்தான எடுப்பா? அவரு மொகம் தெளிவாத் தெரியுற படம் ரெண்டு இங்கனயே இருக்கு. ரெண்டையும் யாரும் தொடல. இவரு மட்டும் நிக்கிற படத்தை அவ எதுக்கு எடுக்கணும்? அப்பம் இதை எடுத்தவருக்கு நினைவுக்குப் படம் தேவையில்லை. இந்தப் படம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நாம எல்லாரும் நிக்கிற ஆளைப் பாத்தோம். நானும்தான். எடுத்த ஆளைப் பாக்கல. வெயில் அவன் முதுகுப் பக்கம். அதனால அவனும் படத்துக்குள்ள விழுந்திருக்கான்.”

நெகட்டிவைக் காந்திமதிநாதனிடம் நீட்டினார். “சீனாக்காரன் முண்டாசு கெட்டுவானா?”

“அந்த ஊர்ல சீக்கியன் இருக்கான்” என்றார் பால்வண்ணநாதன் அவசரமாக. “அவன்தான் எடுத்தான்.”

“முதல்ல சீனாக்காரன்னு சொன்னீங்க. சீக்கியன் தலைப்பாகையில இப்படி நுனி நீட்டிக்கிட்டு நிக்காது. கான்டன் படத்தைப் பாருங்க, ஷாங்காய் படத்தைப் பாருங்க. மூணும் ஒரே கெட்டு.” சங்கரபாண்டியின் குரல் தாழ்ந்தது. “ஆகஸ்ட்ல செத்தவன் அக்டோபர்ல எப்படிய்யா கேமரா புடிச்சான்?”

வள்ளித்தாய் மெல்ல நடந்து வந்து, காந்திமதிநாதன் கையிலிருந்த நெகட்டிவை எட்டிப் பார்த்தாள். தொடவில்லை.

“அவுகதான்” என்றாள்.

பால்வண்ணநாதன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

படம் எடுத்த மூன்றாம் நாள் செல்லச்சாமிக்குக் குடற்காய்ச்சல். பால்வண்ணநாதன் அவரைப் பாதிரிமார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். எழுந்திருக்க ஆறு வாரம் ஆகும் என்றார்கள். தெற்கே போகும் ரயில் பாதையில் தினமும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கான்டன் ரயிலில் பால்வண்ணநாதனுக்கு மட்டும் ஓர் இடம் கிடைத்தது. விட்டால் மறுபடி கிடைக்காது. “வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு ஏறிட்டேன். எப்படியும் பிழைக்க மாட்டான்னு நினைச்சேன். நோயாளியைத் தன்னந்தனியா விட்டுட்டு வந்தேன்னு ஊருல எந்த மொகத்தோட சொல்ல? ஷாங்காய்ல அன்னைக்கு ஆயிரம் பேரு செத்தான். ஒருத்தன் கூடுதலா இருந்தா யாரு கேப்பா? நேத்து இவ கேட்ட பொறவுதான் அந்த நிழலையே பாத்தேன். காலையில படத்தை வெந்நீர் அடுப்புல போட்டேன். நெகட்டிவ் நினைப்புக்கு வரல.”

“அதுக்குப் பொறவு அவரைப் பத்திச் சேதியே இல்லையா?” என்று கேட்டார் சங்கரபாண்டி.

பால்வண்ணநாதன் தரையைப் பார்த்தார்.

“சொல்லுங்க.”

“மாசி மாசம் ஆஸ்பத்திரில இருந்து ஒரு கடுதாசி வந்துது. குணமாயிட்டான், அங்கனயே சமையல்கட்டுல வேலை செய்யுதான், கப்பலுக்கு வழி பண்ணி அனுப்புங்கன்னு. அதுக்குள்ள இங்க காரியமெல்லாம் முடிஞ்சு போச்சு. நான் எப்படிச் சொல்லுவேன்? அதையும் எரிச்சிட்டேன்.”

வள்ளித்தாய் அழவில்லை. மாசியிலிருந்து விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. ஒன்பதில் நின்றது. இந்த ஒன்பது மாதமும் அந்த ஆளுக்கு அவள்தான் சோறு வடித்துப் போட்டிருக்கிறாள்.

“இப்பம் எழுதுனா வருவாகளா?” என்று சங்கரபாண்டியைக் கேட்டாள்.

மீரான் தொண்டையைக் கனைத்தார். சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தவர் போல இருந்தது. பிறகு சொன்னார்: “நேத்து ரேடியோவுல சொன்னான். ஹாங்கௌவை ஜப்பான்காரன் புடிச்சுட்டான். ஊரு பத்தி எரியுதாம்.”

சங்கரபாண்டி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காந்திமதிநாதனைப் பார்த்தார்.

“என்னைப் பாத்து என்ன செய்ய?” என்றார் அவர். “அவரு படத்தை அவரே எரிச்சா திருட்டு இல்ல. நோயாளியை விட்டது வேற தேசத்துல. பொய் சொன்னதுக்கு எந்தப் பிரிவுல போடுவீரு? என்னைப் பழையபடி கோர்ட்டுல உக்கார வச்சாலும் கேசைத் தள்ளத்தான் செய்வேன்.”

நண்பகல் பன்னிரண்டு மணி. சங்கரபாண்டி புகாரை முடித்து எழுதினார். அவர் எழுதி முடிக்கும் முன்பே வள்ளித்தாய் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தென்காசி ரோட்டில் மழைக்குள் நடந்துகொண்டிருந்தாள். பால்வண்ணநாதன் யாரையோ விட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

மறுநாளே சங்கரபாண்டி ஆஸ்பத்திரிக்கு ஒரு தந்தி கொடுத்தார். போய்ச் சேருமா என்று பொறுப்பேற்க முடியாது என்றார் போஸ்ட் மாஸ்டர். ஹாங்காங்கில் மீரானுக்கு மைத்துனர் ஒருவர் இருந்தார். அவருக்கும் கடிதம் போனது. கார்த்திகை கடைசியில் பதில் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ஆற்று வழியாக மேற்கே போனதாகச் சிலர் சொல்கிறார்கள். படகுகளில் பாதி வழியில் மூழ்கியதாகச் சிலர் சொல்கிறார்கள். பேர் தெரியாத சமையல்காரரைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. இதுதான் பதில்.

மார்கழி மூன்றாம் தேதி, பகல் பதினொரு மணி. சங்கரபாண்டி வாசுதேவநல்லூரில் வள்ளித்தாயின் அண்ணன் வீட்டு முற்றத்தில் நின்று, கடிதத்தில் இருந்ததை ஒரு வரி விடாமல் சொன்னார். அவள் உரலில் மாவு ஆட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் கையை நிறுத்தினாள்.

“ஆடியில வருசத் திதி குடுத்தாச்சு. எங்க அண்ணன்தான் எல்லாம் செஞ்சாரு. அடுத்த ஆடிக்கும் குடுக்கச் சொல்லவா? இல்ல, நான் பொட்டு வச்சுக்கிட்டு இருக்கவா? நீங்க படிச்சவுக. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கய்யா.”

சங்கரபாண்டி கடிதத்தை மடித்தார்; மறுபடி பிரித்தார்.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மாவு காயத் தொடங்கியது. தண்ணீர் தெளித்துக்கொண்டு மறுபடி ஆட்டத் தொடங்கினாள்.