விளக்கு தெரியுது

எழுபத்தொன்பதாம் வருஷம் செங்கம் ரோட்டில் குடித்தனம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஆசிரமத்தைத் தேடி வந்த வெள்ளைக்காரர்கள் இருந்த அறைகளையெல்லாம் வளைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால், ரசியா பேகத்தின் பழைய வீட்டில் மலையைப் பார்த்த பகுதி காலி என்று கேள்விப்பட்டதும், பஸ் கண்டக்டர் அர்ஜுனன் மறுயோசனை இல்லாமல் மனைவி திரௌபதியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ரசியா ஐம்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை. சாவியைக் கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"உள்ள எவ்ளோ வேணாலும் விளக்கு போட்டுக்கம்மா. ஜன்னல் கிட்ட மட்டும் வெக்காத. வெளிய வெளிச்சம் தெரியக்கூடாது."

"ஏங்கக்கா?"

"எங்க அப்பாவுக்குப் புடிக்காது."

அந்த அப்பா, சர்தார் பாய், செத்துப் பல வருஷம் ஆகிறது என்பதைத் திரௌபதிக்குக் குழாயடியில்தான் சொன்னார்கள். செத்தவருக்குப் பிடிக்காததையெல்லாம் பார்த்தால் குடித்தனம் நடத்த முடியுமா என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, கார்த்திகை வரைக்கும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள்.

தீபத்தன்று முடியவில்லை. இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போனபின் பிறந்தவன் இவன். பிள்ளை தங்கினால் அவனுடைய முதல் தீபத்துக்கு ஜன்னல் நிறைய அகல் ஏற்றுகிறேன் என்று அண்ணாமலையாரிடம் வேண்டியிருந்தாள். சாமிக்குக் கொடுத்த வாக்கைச் செத்த மனுஷருக்காக மீறுவதா? அர்ஜுனன் தீபக் கூட்டத்துக்கு விட்ட ஸ்பெஷல் பஸ்ஸில் போயிருந்தான். கேட்க ஆளில்லை.

அந்தி மங்கியது. மலையுச்சியில் கொப்பரை பற்றிக்கொண்டது. ஊர் முழுக்க அரோகரா எழுந்து அடங்கியது. திரௌபதி ஜன்னல் கட்டையில் அகல்களை ஏற்றினாள்.

முதல் விளக்கு அணைந்தது.

காற்று இல்லை. ஈர விரலால் திரியை நசுக்கினால் வருமே, அந்தச் 'சுர்' சத்தம் மட்டும் கேட்டது. அடுத்ததும் அணைந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடியும் சுர். எண்ணெய் வாசனைக்குள் வேறொன்று கலந்து வந்தது. கரிப்புகை. அதற்கும் அடியில் உப்பு. மெட்ராஸ் கடற்கரையில் எப்போதோ முகர்ந்த வாசனை, கடலே இல்லாத இந்த ஊரில்.

காதருகே யாரோ சொன்னார்கள், மெல்ல.

"விளக்கு தெரியுது."

உள்ளே இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம். பல கால்கள் ஓடின.

குழந்தை.

தூளி ஆடிக்கொண்டிருந்தது. துணி நனைந்து சொட்டியது. உள்ளே பிள்ளை இல்லை.

அவள் அலறியதில் ரசியா ஓடிவந்தாள். வந்தவள் தூளியைப் பார்த்துவிட்டு நேரே பின்பக்கம் போனாள். துணி ஊறவைக்கும் மரத்தொட்டிக்குள், போர்வையில் சுற்றி, தாம்புக்கயிற்றால் பதமாகக் கட்டி, குழந்தை கிடந்தது. அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. கட்டை அவிழ்த்து எடுத்து முத்தமிட்ட திரௌபதியின் உதட்டில் உப்புக் கரித்தது.

"படகுல ஏத்தியிருக்காங்க" என்றாள் ரசியா. "கப்பல் முழுகுனா பொம்பளைங்க, புள்ளைங்களத்தான் மொதல்ல ஏத்துவாங்கனு அப்பா சொல்வாரு."

பிறகு சொன்னாள். சர்தார் பாய் நாற்பதுகளில் நடந்த பெரிய உலகச் சண்டையின்போது சரக்குக் கப்பலில் உலைக்குக் கரி அள்ளிப் போட்டவர். சிப்பாய்களுக்குக் கோதுமையும் மருந்தும் கொண்டுபோன கப்பல். இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரிந்தாலும் தண்ணீருக்கடியில் இருக்கும் எதிரி குறிவைத்துவிடுவான். ஒருநாள் யாரோ கப்பல் ஜன்னலை மூட மறந்துபோனார்கள். மேல்தளத்துக்கு வந்திருந்த சர்தார் பிழைத்தார். கீழே கரியறையில் இருந்தவர்கள் கப்பலோடு போனார்கள்.

"கொடியேத்துற அன்னிக்கு மிலிட்டரிக்காரங்களுக்கு மேடைல மாலை போடுவாங்க. அப்பாவ, நீ துப்பாக்கி புடிச்சியானு கேட்டாங்க. இல்லன்னாரு. அப்ப கீழயே நில்லுன்னுட்டாங்க. சாவுற வரைக்கும் பொழுது சாஞ்சா விளக்கைப் பார்த்து நடுங்குவாரு."

"சண்டை முடிஞ்சுதுனு அவருக்குத் தெரியாதாக்கா?"

"ஊருக்கு முடிஞ்சுது. அவருகிட்ட யாரு வந்து சொன்னா?"

பயத்தையும் மீறித் திரௌபதி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அகல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

"சர்தார் பாய், சண்டை முடிஞ்சுபோச்சுங்க. இது கரைங்க. அது மலைல ஏத்துன தீபம். என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க செஞ்சது பெரிய காரியங்க. போய்ப் படுங்க."

முதல் அகலின் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து நின்றது.

ரசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சுர்.

அடுத்த அகல் அணைந்தது. அதற்கடுத்ததும்.

"இன்னும் யாரு இருக்காங்கக்கா?"

"கரியறைல இருந்தவங்க. அப்பா கூடவே வந்துட்டாங்க போல."

"பேரு சொல்லுங்க. அவங்களையும் கூப்ட்டுச் சொல்லிடறேன்."

"அப்பாவுக்குத் தெரியும். எங்களுக்குச் சொன்னதில்ல. நாங்களும் கேட்டதில்ல."

கடைசி அகலும் போனது. சர்தார் பாயின் விளக்கு மட்டும் எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் திரௌபதி குனிந்து பார்த்தாள். தொட்டியடியில் அவிழ்த்துப் போட்டிருந்த தாம்புக்கயிறு, நனைந்து சில்லென்று, அவளையும் பிள்ளையையும் சேர்த்து இடுப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வலிக்காமல், பதமாக, கண்ணுக்குத் தெரியாத பல கைகள் முடிச்சுப் போட்டன.