ஃபோகஸ் ஆகாத மூன்று படங்கள்

வீரபாண்டிப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு.

யார் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றே. 'பாக்கலீங்க.'

மிஷினில் விரல் போனதை யாரும் பார்க்கவில்லை. வாய்க்காலில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியதை யாரும் பார்க்கவில்லை. சாய மாஸ்டர் தங்கவேலு, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலிருந்து பட்டப்பகலில் தரைக்கு வந்து சேர்ந்ததையும்...

யாரும் பார்க்கவில்லை!

கழுத்து முறிந்து, காயப்போட்ட துணிகளுக்கு நடுவே கிடந்தார் மாஸ்டர். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் விரும்பிய கலர்களின் கலவையெல்லாம் அவர் மனப்பாடம். அந்த மனப்பாடத்தோடு போட்டிக் கம்பெனிக்குப் போகவிருந்தார். அதையும் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஓடிப்போய்த் தூக்கியவன் ராக்கையா. சாயப் பட்டறை ஹெல்பர். தெற்கிலிருந்து பிழைக்க வந்தவன். முந்தின நாள்தான் மாஸ்டரோடு வாய்த்தகராறு. இப்போது சட்டையெல்லாம் ரத்தம்.

லாக்கப்புக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தொட்டியின் மேல் மாஸ்டரோடு இன்னொருவர் நின்றதற்குச் சாட்சி, மூன்று புகைப்படங்கள் மட்டும்.

எடுத்தவன் சீனிச்சாமி. ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கம்பெனி ஆல்பத்துக்காக, முதலாளி சுப்பண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்த நீளமான டெலி லென்ஸோடு ஆபீஸ் மொட்டை மாடியில் நின்றிருந்தான். ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ். பொத்தானைப் பாதி அழுத்தினால் போதும். எவ்வளவு தூரத்து முகத்தையும் தானே தேடிப் பிடித்துக் கூர்மையாக்கும்.

மூன்று படங்களிலும் அது பிடிக்கவில்லை.

வெள்ளையாக இரண்டு கறைகள். முகமே இல்லை.

இன்ஸ்பெக்டர் வெள்ளியங்கிரி அந்தப் படங்களோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். கூடவே சுப்பண்ணன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. சுவரோரச் சோபாவில் சாய்ந்துகொண்டார்.

வாசற்படியில் ராக்கையாவின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் சீனிச்சாமி கடையைத் திறந்திருந்தான். தாண்டியபோது எதுவும் தோன்றவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பின் அவனுக்கு எதுவுமே தோன்றுவதில்லை. சோற்றில் ருசி இல்லை. தூக்கத்தில் கனவு இல்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"ஏன் ஃபோகஸ் ஆகல?" என்றார் வெள்ளியங்கிரி.

"வெள்ளைத்துணி நெறையக் காயப் போட்டிருந்தாங்க. கோடு, ஓரம்னு எதாச்சும் இருந்தாத்தான் லென்ஸ் பிடிக்குமுங்க. வெறும் வெள்ளையில தடுமாறுமுங்க."

"தொட்டிக்குக் கறுப்புப் பெயிண்ட். ஆளுங்க வெள்ளைச் சட்டை. இதுக்கு மேல என்ன ஓரம் வேணும் உனக்கு?"

சுப்பண்ணன் சிரித்தார்.

"அட, மிஷினு தானுங்க. ஜப்பான்காரன் கண்ணுக்கு நம்மூரு மூஞ்சி பிடிபடலயோ என்னமோ!"

இன்ஸ்பெக்டர் சோதித்துக் காட்டச் சொன்னார். சீனிச்சாமி லென்ஸைக் கேமராவில் மாட்டி, எதிர்க்கடைப் போர்டின் கறுப்பு எழுத்துகளைக் குறிபார்த்து, பொத்தானைப் பாதி அழுத்தினான்.

கிர்ர்...

லென்ஸ் துடித்தது. நின்றது. போர்டு கலங்கலாகவே இருந்தது.

மறுபடியும் அழுத்தினான். மறுபடியும் கிர்ர்...!

சீனிச்சாமி திடுக்கிட்டான். இத்தனை நாளில் அவனுக்குள் ஏதோ அசைந்தது இப்போதுதான்.

பேட்டரியை மாற்றினான். பயனில்லை. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாற்றும் சுவிட்சைப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அதே கேமராவில் வேறொரு குட்டை லென்ஸை மாட்டினான். சட்டென்று பிடித்தது. டெலி லென்ஸைத் திரும்ப மாட்டினால் கிர்ர்...

"அப்போ கேமரா நல்லாருக்குது. லென்ஸ்தான் பழுது" என்றார் வெள்ளியங்கிரி, ஏறக்குறைய நிம்மதியோடு. அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் படங்களை ஒதுக்கிவிட்டுக் கேஸை முடித்துவிடலாம் என்று சொல்லி, பேனாவை நீட்டினார்.

வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

"எங்க வீட்டுக்காரரு தூக்கத்தானய்யா போனாரு. தூக்குனது ஒரு குத்தமா?"

வெள்ளியங்கிரி பேனாவை இன்னும் கிட்டே நீட்டினார்.

சீனிச்சாமி பேனாவை வாங்கினான். தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஆனால்... அன்றைக்கு லென்ஸ் தடுமாறவில்லை! தொட்டி மேல் நின்ற முகத்தை நொடியில் பிடித்தது. அந்தக் கை மாஸ்டரின் மார்பில் பதிந்ததையும் பிடித்தது. வலது விரல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க, இடது கை, யாரும் சொல்லாமலே, ஆட்டோ சுவிட்சை அணைத்து ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிவிட்டது. ஊரின் சட்டம் அவன் கையில் அப்படி ஊறியிருந்தது. படங்கள் கலங்கின. தொட்டி மேலிருந்த முகம் மெல்லத் திரும்பி, மொட்டை மாடியைப் பார்த்தது.

அன்றைக்கு நன்றாக இருந்த லென்ஸ், இன்றைக்கு ஏன் ஓடவில்லை?

பேனாவை வைத்தான். லென்ஸைத் திருகிக் கழற்றி, அடிப்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தான். கேமராவிலிருந்து கரண்ட் வாங்கும் தங்கநிறப் புள்ளிகள் மங்கியிருந்தன. நகத்தால் சுரண்டினான். வழவழவென்று வெள்ளையாக வந்தது.

மெழுகு!

நிட்டிங் மிஷினில் நூல் அறுந்துபோகாமல் வழுக்கி ஓடுவதற்காக வைக்கும் மெழுகு. ஸ்டூடியோவில் அதற்கு வேலையே இல்லை.

சொன்னான். சொல்லிக்கொண்டே பனியன் வேஸ்ட் துணியை ஸ்பிரிட்டில் நனைத்தான்.

"விடு கண்ணு" என்றார் சுப்பண்ணன், வெகு பிரியமாக. "கெட்டது கெட்டதாவே இருக்கட்டும். உனக்குப் புதுசு வாங்கித் தர்றேன்."

வெள்ளியங்கிரி நிமிர்ந்தார். "இந்த லென்ஸை யாரு தொட்டது?"

"நேத்து முதலாளி வந்தாருங்க. நம்ம லென்ஸு, ஒருக்காக் கையில குடுன்னாரு. குடுத்துட்டு டார்க் ரூமுக்குள்ள போனனுங்க."

இன்ஸ்பெக்டர் சோபாவின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சுப்பண்ணன்... கெட்டுப்போன லென்ஸை மெனக்கெட்டு யாரும் கெடுக்க மாட்டாங்களே? அது நல்லாத்தான் இருக்குதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

சுப்பண்ணனின் புன்னகை கலையவில்லை. தாம் தொட்டியையும் பார்க்கவில்லை, மெழுகையும் பார்க்கவில்லை என்றார். கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

"சீனி, நீயே சொல்லு கண்ணு. நீ எதாச்சும் பாத்தியா?"

சீனிச்சாமி மெழுகைத் துடைத்து லென்ஸை மாட்டினான். எதிர்ச்சுவர் வரை பின்வாங்கி, சுவிட்சைக் கிட்டத்துக்குத் தள்ளி, சோபாவைக் குறிபார்த்தான்.

ச்சிக்!

ஒரே நொடி. விபூதியின் மூன்று கோடுகளும் தனித்தனியாகத் தெரிந்தன. கீழே, இமைக்க மறந்த இரண்டு கண்கள்.

வாசலில் அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"பாத்தனுங்க" என்றான் சீனிச்சாமி.

"யாரை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பதில் வந்தது.

"இவரைத்தானுங்க. அன்னைக்கு வெளிச்சம் இன்னும் நல்லா இருந்துதுங்க."