இரண்டு வெள்ளைக் கனெக்டர்கள்

ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்த பிறகும், மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டரின் முள் அசைந்தது.

அவன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான். முள் மெல்ல ஏறி, ஒரு கணம் நின்று, மெல்ல இறங்கியது. பழைய சாமான் கடையில் வாங்கிய பொம்மை விமான ரிமோட். பின்மூடியைத் திறந்ததும் பழைய ஈயப்பற்றின் வாடையோடு, யாரோ நெடுநாள் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தது போன்ற ஒரு வியர்வை வாடையும் குப்பென்று வந்தது. ஆன்டெனாவுக்கும் ஸ்பீக்கருக்கும் போகிற வயர்களை அடையாளம் கண்டுவிட்டான். மிச்சம் இரண்டு வெள்ளைக் கனெக்டர்கள், அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று சார்ஜ் ஏற்ற. இன்னொன்று, விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கானதாக இருக்கலாம்: இரண்டு ரிமோட்டுகளை வயரால் இணைத்தால் விமானம் மறுமுனையில் இருப்பவன் கைக்குப் போய்விடும், இந்த ரிமோட்டின் குச்சிகள் செத்துவிடும். எது எது என்றுதான் தெரியவில்லை. இரண்டிலுமே முள் அப்படியேதான் ஏறி இறங்கியது.

அடுத்த அறையில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ், இரவு வேலை முடித்து வந்து, பால்கனித் திரையை இழுத்துவிட்டு, நட்ட நடுப்பகலை இருட்டாக்கிப் படுத்திருந்தாள். ஆறாவது மாடி என்பதால் தெருச் சத்தம் ஏறி வராது. அவளுடைய குறட்டை மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. படுக்கப் போகுமுன் மேஜையை எட்டிப் பார்த்துச் சிரித்திருந்தாள்.

"எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு அப்புறம் திருதிருன்னு முழிக்கப் போறீங்க. ஒவ்வொண்ணுலயும் பேரெழுதி ஒட்டுங்களேன். எங்க வார்டுல அப்படித்தான்."

"இது என்ன மருந்தா? மாத்திக் குடுத்தா யாரு சாகப்போறா?"

"உங்க பொம்மை, நீங்களாச்சு," என்று கொட்டாவி விட்டபடி போய்விட்டாள்.

குறட்டை எழுந்தது, முள் ஏறியது. அடங்கியது, முள் இறங்கியது. அவன் கவனிக்காமல் இல்லை. தற்செயல் என்று தலையை உதறிக்கொண்டான்.

பேட்டரியை மாட்டி ஸ்விட்சைப் போட்டான். தெரியாத கனெக்டர் கிடைத்தால் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் செய்கிற அதே அவசரக் காரியத்தைத்தான் அவனும் செய்தான்: ஒன்றின் இரண்டு கம்பிகளையும் இடுக்கியால் சேர்த்துத் தொட்டான். சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டி, பிறகு நிலையாக எரிந்தது. ஒரு விமானத்தோடு ஜோடி சேர்ந்தால்தான் அப்படி எரியும். அவனுடைய விமானங்களோ பரண் மேல் உயிரில்லாமல் கிடந்தன.

அடுத்த அறையில் குறட்டை நின்றது.

கை, பழக்கதோஷத்தில், வலது குச்சியைப் பிடித்துப் பறக்கும் முன் எல்லாரும் செய்யும் சோதனையைச் செய்தது. வலம், இடம், மேல், கீழ். ஒவ்வோர் அசைவுக்கும் கட்டில் கிறீச்சிட்டது.

"ஏய், முழிச்சிட்டியா?"

வயர்கள் தொங்கத் தொங்க ரிமோட்டை ஏந்திக்கொண்டு போனான். திரையின் ஓரத்தில் கசிந்த வெயில் அவள் கழுத்தில் ஒரு கோடாக விழுந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. மார்பு அசையவில்லை. குச்சியை வலப்பக்கம் தள்ளினான். தலை வலப்பக்கம் திரும்பியது. விட்டான். நடுவுக்கு வந்தது.

ஐயோ.

இடது குச்சிதான் என்ஜின் விசை. அதற்கு ஸ்பிரிங் கிடையாது. வைத்த இடத்தில் நிற்கும். இப்போது அடிமட்டத்தில் இருந்தது. கட்டைவிரலால் மேலே தள்ளினான். தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவள் மாதிரி அவள் மூச்சை இழுத்தாள். பாதியில் நிறுத்தினான். மூச்சு சீரானது. தோளைப் பிடித்து உலுக்கினான், கன்னத்தில் தட்டினான். எழவில்லை. வெளுத்துப்போன அந்த உதட்டைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. நான் பாத்துக்கறேன். ஒண்ணுமில்ல."

பீப்.

ரிமோட்டின் பேட்டரி தீர்கிறது. ரிமோட் அணைந்தால் என்ஜின் தானாக நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருப்பார்கள்.

பீப். பீப்.

ஓடிப்போய் சார்ஜரைக் கொண்டுவந்தான். கட்டிலோரத்துச் சுவர்ப் பிளக்கில் ஒரு முனையைச் செருகினான். மறுமுனை எதில்? இடுக்கி பட்டது எது? அது இல்லாத மற்றதுதான் சார்ஜுக்கு. தூக்கி வந்ததில் வயர்கள் புரண்டு முறுக்கிக் கிடந்தன. பேரெழுதி ஒட்டுங்களேன் என்றாளே. பாவி, ஒட்டியிருக்கலாமே.

பீப் பீப் பீப்.

ஒன்றைப் பிடித்தான். செருகினான்.

சத்தம் நின்றது. அவள் மூச்சு நிற்கவில்லை. அப்பாடா என்று கட்டிலில் சரிந்து உட்கார்ந்தான். சிரிப்புக்கூட வந்தது.

அவள் தலை வலப்பக்கம் திரும்பியது.

அவன் குச்சியைத் தொடவே இல்லை.

இடப்பக்கம் தள்ளினான். திரும்பவில்லை. விசைக் குச்சியை ஆட்டினான். மூச்சு மாறவில்லை. குச்சிகள் செத்திருந்தன. வயரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. அது விறைத்து நின்றது. மறுமுனை சுவருக்குள்.

கண் மூடியபடியே அவள் எழுந்து நின்றாள். தலை மெதுவாக வலம் போனது. இடம். மேல். கீழ்.

சோதனை முடிந்தது.

அவள் மூச்சு வேகமெடுத்தது. இன்னும் வேகம். உடம்பு பால்கனிப் பக்கம் திரும்பியது. இரண்டு கைகளும் பக்கவாட்டில், தோள் உயரத்துக்கு எழுந்து விரிந்தன. அவன் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

அவன் கால்கள் தரையில் வழுக்கத் தொடங்கின.